கதவு வரிசைக்கு இரண்டு கோடுகள்

பள்ளி முழுவதும் கதை சார் என்று அழைக்கப்பட்ட கணக்கு ஆசிரியருக்குத் தம் உத்தியோகத்தைப் பற்றி ஒரே ஒரு பெருமை இருந்தது. அதை அவர் மேடையேறிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, முதல் மிடறு தேநீர் உள்ளே போன பிறகு, மாதத்துக்கு ஒருமுறையாவது மனைவியிடம் சொல்லிவிடுவார்: "என் வகுப்புல முப்பத்திரண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்."

மின்விசிறியின் கடகடப்பைப் போல அந்த வாக்கியமும் அவர் மனைவிக்கு வீட்டு ஓசைகளில் ஒன்றாகிப் போயிருந்தது. அது உண்மையா என்று அவள் யோசித்ததே இல்லை. சொந்தக் கணவரின் நல்ல குணத்தை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? ஆனால் நாற்பத்து நான்காவது வயதில், பென்சிலும் கட்டம் போட்ட தாளுமாக அந்த வாக்கியத்தை அவளே எண்ணிப் பார்க்கும்படி ஆயிற்று.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன ஆண்டில்தான் அவள் கல்வித் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்கு எளியது: வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விகள் எந்தப் பிள்ளைகளிடம் போகின்றன, எந்தப் பிள்ளைகளிடம் போவதில்லை? கேள்வி கேட்கப்படுகிற பிள்ளை எழுந்து நிற்கிறது, தடுமாறுகிறது, யோசிக்கிறது, அந்தத் தடுமாற்றத்திலேயே பாதி பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. கேட்கப்படாத பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறது. வீட்டு நிலைமைக்கும் இந்த நிற்பதற்கும் உட்காருவதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பதே அவள் தேடல்.

வழிமுறையும் எளியதுதான். வகுப்பறையைப் படமாக வரைந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் போடவேண்டும். ஆசிரியர் ஒரு பிள்ளையைச் சுட்டிக் கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் அதன் கட்டத்தில் ஒரு கோடு. நான்கு பள்ளிகளில் நான்கு வகுப்புகள் என்று திட்டம். மூன்று முடிந்துவிட்டன. நான்காவது பள்ளியில் இசைந்திருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்த அம்மையார், வகுப்பின் கடைசியில் ஆள் உட்கார்ந்து எழுதினால் தமக்குப் பாடம் வராது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு மாதமே இருந்தது.

"என் வகுப்புக்கு வாயேன். எனக்கென்ன மறைக்க இருக்கு?" என்றார் கதை சார்.

அவளுடைய நெறியாளர், வார்த்தைகளை எண்ணிச் செலவிடுகிற ஒரு பேராசிரியை, இதைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கணவர் வகுப்பை மனைவி எண்ணுவது நல்ல ஆய்வுக்கு அழகல்ல என்றார். பிறகு வேறு வழியில்லாததால் நிபந்தனைகளை அடுக்கினார். இன்னொருவரும் தனியாக உட்கார்ந்து அதே நேரத்தில் எண்ண வேண்டும். எண்ணி முடியும்வரை எதை எண்ணுகிறோம் என்பதைக் கணவரிடம் மூச்சுவிடக் கூடாது. முடிந்த பிறகு, மற்ற ஆசிரியர்களுக்குச் செய்ததைப் போலவே, தாளை அவரிடம் காட்டியாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத் தம் வகுப்பு வேண்டாமென்று அவர் விலக்கிக்கொள்ளலாம். அந்த உரிமை இசைவுப் படிவத்தின் கடைசி வரியில் அச்சிடப்பட்டிருந்தது. அவர் விலக்கிக்கொண்டால் நான்காவது வகுப்பு இல்லை. நான்காவது வகுப்பு இல்லையென்றால் இந்த ஆண்டு ஆய்வேடும் இல்லை.

"விலக்குறதாவது, நான் என்ன அடுத்த வீட்டு ஆளா?" என்று கடைசி வரியைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் கதை சார்.

முதல் நாள் காலையில் அவர் இரண்டு தரம் சவரம் செய்துகொண்டார். மகளின் கல்லூரி விழாவுக்கென்று வாங்கி, ஒருமுறை மட்டும் போட்ட சட்டையைத் தேடி எடுத்தார். பரீட்சை எழுதப்போவது யார் என்று அவள் கேட்டதற்கு, சட்டை கசங்காமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லும்படி ஆய்வாளர் அம்மையாரைப் பணிவுடன் கேட்டுக்கொண்டார்.

வகுப்பில் பிள்ளைகளிடம், யாரும் நடிக்கக் கூடாது, எப்போதும்போல இருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். விளைவாக முப்பத்திரண்டு பேரும் நடித்தார்கள். ஆண்டு முழுக்க ஒரு நோட்டைக்கூடத் திறக்காதவனும் வால் என்று பெயர் வாங்கியவனுமான ஒருவன், அன்று இரண்டு நோட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இது அவள் எதிர்பார்த்ததுதான். ஆள் வந்து உட்கார்ந்தால் வகுப்பின் இயல்பு மாறும், அது கலைய நாளாகும். அதனால்தான் எல்லாப் பள்ளிகளிலும் முதல் இரண்டு நாள் எண்ணிக்கையை அவள் சேர்ப்பதில்லை. மூன்றாம் நாள் வால் மேசைமேல் கன்னத்தை வைத்து அமைதியாகத் தூங்கிப்போனான். அவள் பென்சிலைக் கூராக்கிக்கொண்டாள்.

இரண்டாவதாக எண்ண வந்தவள் ஆய்வுத் துறையில் அவளுக்கு இளையவள். எங்கே போனாலும் பையில் ஓர் அடிக்கோலோடு போவாள், பேச்சும் அந்தக் கோலைப் போலவே நேராக இருக்கும் என்பதால் துறையில் எல்லோருக்கும் ஸ்கேல். ஒருத்தி கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரம், மற்றொருத்தி கதவு ஓரம். இரண்டு நாளிலேயே பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துக் கோடு மிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கதை சாரின் பாடத்தை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. பதினான்கு ஆண்டுகளாக அந்த வகுப்பில் பின்னம் என்பது எண்களோடு வந்ததில்லை, விலங்குகளோடுதான் வந்திருக்கிறது. அவர் மிகவும் விரும்பிச் சொல்லும் கதை யானையும் ஆமையும். ஆற்றின் அகலம் அறுபது அடி. கரையில் நின்ற ஆமையைப் பார்த்து யானைக்கு மனம் இளகிற்று. இவ்வளவு சிறிய கால்களை வைத்துக்கொண்டு இது எப்போது அக்கரை சேரும் என்று அதைத் தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. மூன்றில் இரண்டு பங்கு தூரம் போனதும் நடுவிலிருந்த பாறையில் ஏறி இளைப்பாறியது. மிச்சம் எத்தனை அடி? யானை மூச்சு வாங்குவதை அவர் செய்துகாட்டும்போது, அவள் எழுதுவதை மறந்து சிரித்துவிட்டாள். இருபத்தோர் ஆண்டு குடும்பம் நடத்தியும் இந்த மனிதர் யானையாவார் என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்றே.

வகுப்பில் நான்கு வரிசைகள், வரிசைக்கு எட்டுப் பேர். ஜன்னல் வரிசை, நடுவில் இரண்டு, கதவு வரிசை. கதவு வரிசைக்கு ஒரு வரலாறு இருந்தது. மற்ற வகுப்புகளில் தாமதமாக வருகிற பிள்ளை வெளியே நிற்க வேண்டும். கதை சார் யாரையும் நிறுத்தியதில்லை. ஓசைப்படாமல் உள்ளே வந்து கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளச் சொன்னார். ஆண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள், நாள்தோறும் தாமதமாகிறவர்களுக்கு அந்த வரிசையே நிலையான இடமாகிவிட்டது. வீட்டு நிலைமையைப் பற்றிய விவரத் தாள்களை அவள் புரட்டிப் பார்த்தபோது, அந்த எட்டுப் பேரில் ஆறு பேருக்குக் காலையில் வீட்டில் வேலை இருந்தது. ஒருவன் வீடுவீடாகப் பால் போட்டுவிட்டு வந்தான். ஒருத்தி, குருவி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒல்லியான பெண், அம்மா வேலை முடிந்து திரும்பும்வரை கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொண்டுவிட்டு, மூச்சிரைக்கப் பறந்து வந்து பெஞ்சில் உட்காருவாள்.

வீட்டில் நிலைமை வேறுவிதமாக இருந்தது. எதை எண்ணுகிறாள் என்று தெரியாமல் கதை சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாம் எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்பதையா? எத்தனை சாக்பீசை ஒடிக்கிறோம் என்பதையா? அவள் அசையவில்லை. 'புரியுதா' என்று தாம் சொல்வதைத்தான் எண்ணுகிறாள் என ஒருநாள் அவராகவே முடிவுகட்டி, மறுநாள் முழுக்க அந்தச் சொல்லை வாயில் வரவிடாமல் பாடம் நடத்தினார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து, சாருக்குப் பல்வலி என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

எண்ணத் தொடங்கிய நான்காம் நாள் மாலையில், நெறியாளர் சொன்னபடி, இருவர் தாளையும் ஒப்பிட வேண்டியிருந்தது. பழைய உலக உருண்டைகளும் கால் ஒடிந்த மேசைகளும் கிடந்த ஓர் அறையைத் தலைமையாசிரியை ஒழித்துக் கொடுத்திருந்தார். ஸ்கேல் இரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே வந்தாள். மூன்று வரிசைகள் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின. நான்காவதில் கோல் நின்றது.

"அக்கா, கதவு வரிசையில உங்க தாள்ல அஞ்சு கோடு இருக்கு. என் தாள்ல ஒண்ணுதான்."

"நீ குனிஞ்சு எழுதுறப்போ விட்டிருப்ப."

"நேத்து ரெண்டாவது பீரியட், குருவி கட்டத்துல போட்டிருக்கீங்களே. அவகிட்ட சார் என்ன கேட்டார்?"

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "தம்பிக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டார்."

"அதுக்குக் கோடா?"

ஸ்கேல் மற்ற மூன்றையும் கேட்டாள். பால் போடும் பையனிடம் 'சாப்பிட்டியா'. இன்னொருத்தியிடம் 'செருப்பு அறுந்துபோச்சா'. மறுபடியும் குருவியிடம் 'சாப்பிட்டியா'.

"எண்ணுறதுக்கான கையேட்டை எழுதினது நீங்கதானே அக்கா? பாடத்தைப் பத்தின கேள்விக்கு மட்டும் கோடுன்னு அதுல இருக்கு. மத்த மூணு ஸ்கூல் நாட்குறிப்பையும் பார்த்தேன், 'சாப்பிட்டியா'வுக்கு நீங்க கோடு போட்டதே இல்ல."

ஸ்கேல் சொன்னது முழுக்க உண்மை. மற்ற பள்ளிகளில் இப்படிப்பட்ட கேள்வி வந்தபோது அவள் பென்சில் தாளைத் தொட்டதில்லை. இங்கே மட்டும், அவளைக் கேட்காமலே, கை கணவரின் பக்கம் சாய்ந்திருக்கிறது. வெறுமையாகக் கிடந்த அந்த எட்டுக் கட்டங்களைப் பார்க்க அவளுக்கே மனம் கேட்காமல் போயிருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு கோடுகளையும் அடித்தாள். அழித்துவிடுவதற்கும் மனமில்லை. அப்படிப்பட்ட கேள்விகளை எல்லா வரிசைகளிலிருந்தும் திரட்டித் தாளின் ஓரத்தில் தனியாகக் குறித்து வைப்போம் என்றாள். ஸ்கேல் உடனே ஓரத்தில் ஒரு நேர்கோடு இழுத்துக் கொடுத்தாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், பெற்றோர் இசைவு தந்திருந்த பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு நாற்காலிகள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். குருவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

சார் யாரிடம் கேள்வி கேட்பார் என்றதற்கு, ஜன்னல் பக்கம், நடுவில் என்றாள். உங்கள் வரிசையில் என்று கேட்டாள் இவள்.

"எங்ககிட்ட கேக்க மாட்டார் மிஸ்."

"ஏன்?"

"எங்களுக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும்."

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். சொன்னவள், சாரை மாட்டிவிட்டோமோ என்று பயந்தவளாக, சார் ரொம்ப நல்லவர், தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது தினமும் விசாரித்தார் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

'உனக்கு உண்மையிலேயே தெரியாதா?' என்று கேட்க இவள் நாக்கு துடித்தது. கையேட்டில் அந்தக் கேள்வி இல்லை. இல்லாத கேள்வியைக் கேட்டு ஒரு பிள்ளையை ஒரு பதிலின் பக்கம் தள்ளக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பிள்ளையை அழைத்தாள். அன்று மாலை ஸ்கேல் மட்டும் ஒன்று சொன்னாள். ஜன்னல் பக்கம் கேள்வி போகும்போதெல்லாம், கதவு ஓரத்தில் குருவியின் உதடு அசைகிறதாம்.

எட்டு நாள் எண்ணிக்கையும் முடிந்தது. பாடம் பற்றி ஒரு பிள்ளையைச் சுட்டிக் கேட்ட கேள்விகள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. நான்கில் ஒரு பங்கு என்றால் கதவு வரிசைக்கு ஐம்பதுக்கு மேல் வந்திருக்க வேண்டும். வந்திருந்தவை இரண்டு.

நெறியாளர் தாளை நெடுநேரம் பார்த்தார். "வீட்டுல வச்சுக் காட்டாதே. அங்க உன் வீட்டுக்காரர்தான் பதில் சொல்வார். ஸ்கூல்ல காட்டு. வாத்தியார் பதில் சொல்வார். தாளை வச்சுட்டு நீ வாயை மூடிக்கோ," என்றார். குழந்தை சொன்ன வார்த்தை எதுவும் ஆசிரியர் காதுக்குப் போகக் கூடாது என்பதையும் நினைவூட்டினார். நினைவூட்ட வேண்டியதில்லை. அதையும் அவளேதான் கையேட்டில் எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்து, பிள்ளைகளின் இரைச்சல் வாசலைத் தாண்டிப் போன பிறகு, வகுப்பறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் தம் நாற்காலியை விட்டுவிட்டு, பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மேசையில் இடிக்க, அவளுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். முகமெல்லாம் ஆவல். கேள்விகளைத்தான் எண்ணினாள் என்று தெரிந்ததும், பல்வலி வந்ததெல்லாம் வீணா என்று சிரித்தார். பிறகு விரலால் ஜன்னல் வரிசையைத் தடவினார். கட்டங்கள் கோடுகளால் நிறைந்திருந்தன. நடு வரிசைகளும் அப்படியே. விரல் நான்காவது வரிசைக்கு வந்தது.

"இது என்ன, பாதியில விட்டுட்டியா?"

"இல்லைங்க. முழுசுதான்."

அவர் மீண்டும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். எட்டுக் கட்டங்கள், இரண்டு கோடுகள்.

"நான் குருவிகிட்ட தினம் பேசுறேனே. அந்தப் பால்காரப் பையன்கிட்ட சாப்பிட்டியான்னு கேக்காத நாளே கிடையாது. அதெல்லாம் எங்க?"

அவள் தாளின் ஓரத்தைக் காட்டினாள். பதினொரு கேள்விகள். அவற்றில் ஏழு கதவு வரிசைக்கு.

"ஓரத்துலயா?" என்றார்.

வாயை மூடிக்கொள் என்று நெறியாளர் சொன்னது இந்த இடத்துக்காகத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் எழுந்து கதவு வரிசைக்குப் போனார். குருவியின் மேசைமேல் யாரோ காம்பஸ் முனையால் கீறியிருந்த பூவை விரலால் தடவிக்கொண்டே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொன்னார். அதே வரிசையில் இருந்த ஒரு பெண்ணைக் கரும்பலகைக்கு அழைத்து ஒரு பின்னம் போடச் சொன்னாராம். முந்தின நாள் வீட்டில் செய்த வேலைக்கு நடுவே அவள் நோட்டைத் தொடவே இல்லை. சாக்பீசோடு நின்றவள் அழத் தொடங்கினாள், வகுப்பு சிரித்தது. அடுத்த ஒரு வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்கே போய் அழைத்து வந்தார். அன்று எடுத்த முடிவு, அந்த வரிசைப் பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் நிறுத்துவதில்லை என்று.

"கேக்காம இருக்கிறதுதான் நான் அவங்களுக்குக் கொடுக்குற மரியாதைன்னு நெனச்சேன்," என்றார்.

குருவியின் வாக்கியம் அவள் தொண்டைவரை வந்து நின்றது. அந்த ஒரே வரியைச் சொன்னால் போதும், வேறு விளக்கமே வேண்டாம். ஆனால் அது மாடிப்படிக்குக் கீழே, ஒரு நாற்காலியின் நுனியிலிருந்து, நம்பிச் சொல்லப்பட்டது. விழுங்கிவிட்டாள்.

தாளோடு அவள் கொண்டுவந்திருந்த இசைவுப் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "இந்தத் தாள் வேண்டாம்னு நான் சொல்லலாமாமே. கடைசி வரியில போட்டிருக்கு."

"சொல்லலாம். உங்க உரிமை. எடுத்துடுவேன்."

"அப்போ உன் ஆய்வேடு?"

"அது என் கவலைங்க."

"அது எப்பலேருந்து உன் கவலை மட்டும் ஆச்சு?" என்று சொல்லிவிட்டு, படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வார இறுதியில் படிவம் அலமாரியில் கடிகாரத்துக்கு அடியில் கிடந்தது. இருவரும் அதைச் சுற்றி நடந்தார்கள். கதை சாருக்கு மனம் சரியில்லையென்றால் கை எதையாவது பழுது பார்க்கும். சனிக்கிழமை, மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, கிறீச்சிடும் ஜன்னலுக்கு எண்ணெய் விட்டார். மதியம் மின்விசிறியின் கடகடப்பும் நின்றது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஆய்வேடு ஓராண்டு தள்ளிப்போனால் போகட்டும், அதற்கு அவள் மனத்தைத் தயார் செய்துகொண்டுவிட்டாள். ஆனால் 'முப்பத்திரண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்' என்ற வாக்கியம் இனி அந்த வீட்டில் கேட்காமலே போய்விடுமோ என்பதுதான் அவளை அரித்தது. மகள் தொலைபேசியில் அழைத்தபோது, அப்பா எங்கே, சத்தத்தையே காணோம் என்று கேட்டாள். அப்பா ஏணிமேல் இருப்பதாக இவள் சொன்னாள்.

மாலையில் அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு வகுப்புக்கு வா. பென்சில் வேண்டாம். சும்மா வந்து உக்காரு."

திங்கட்கிழமை அவள் வெறுங்கையோடு கடைசி பெஞ்சில் அமர்ந்தாள். குருவி வழக்கம்போல மணியடித்த பிறகு பறந்து வந்து கதவோரம் உட்கார்ந்தாள். கதை சார் சாக்பீசை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். யானையும் ஆமையும் பாறைமேல் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். அறுபது அடி ஆறு. மூன்றில் இரண்டு பங்கு கடந்தாயிற்று. மிச்ச தூரத்தில் பாதியை ஆமை தானே நீந்திக் கடக்கிறேன் என்கிறது. அப்படியானால் யானை இன்னும் எத்தனை அடி அதைத் தூக்கிப் போக வேண்டும்?

ஜன்னல் வரிசையில் ஐந்து கைகள் உயர்ந்தன. அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"குருவி, நீ சொல்லு."

கதவு வரிசையில் ஒரு சலசலப்பு. பால் போடும் பையன் தன்னைத்தான் அழைத்தார்களோ என்று பாதி எழுந்து, இல்லையென்று தெரிந்து நிம்மதியாக உட்கார்ந்தான். குருவி எழுந்தாள். அப்போதுதான் வால், நடுவரிசையிலிருந்து, "சார், கேள்வி அந்தப் பக்கமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. கதை சாரின் தோள் ஒரு கணம் தளர்ந்ததை அவள் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாள். உட்காரம்மா என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தாள். அவர் சொல்லவில்லை. காத்திருந்தார்.

"முப்பது," என்றாள் குருவி.

தப்பு. ஜன்னல் பக்கக் கைகள் இன்னும் உயரமாக எழுந்தன. குருவியின் கண்ணில் நீர் கோக்கிறதா என்று பார்க்கத் துணியாமல் கதை சார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"முப்பது எப்படி வந்துச்சு?"

"அறுபதுல பாதி சார்."

"ஆமை எதுல பாதி நீந்துறேன்னு சொல்லிச்சு?"

குருவி உதட்டை அசைத்தாள். விரலால் மேசைமேல் ஓர் ஆற்றை வரைந்தாள். அதில் ஒரு பாறையை வைத்தாள். வகுப்பு காத்திருந்தது. அந்த வகுப்பு அந்த வரிசைக்காகக் காத்திருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

"மிச்சத்துல பாதி. மிச்சம் இருபது. அப்போ பத்து சார்."

"பத்து," என்று அவர் எழுதினார். எழுதிய எண் கோணலாக விழுந்தது. உட்காரலாம் என்று தலையசைத்தார். குருவி உட்காரவில்லை. நின்ற வேகத்தில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்திருந்தது.

"சார், ஆமைக்குத்தான் நீந்தத் தெரியுமே. அப்புறம் எதுக்கு யானை முதல்லேருந்து தூக்கிட்டு வருது?"

மறுபடி சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது வேறு சிரிப்பு. வால் பெஞ்சைத் தட்டினான். பதினான்கு ஆண்டுகளாக அந்தக் கதையைச் சொல்லி வந்தவர், கையில் சாக்பீசோடு, இப்போதுதான் முதல்முறையாக அதைக் கேட்பவரைப்போல நின்றார்.

"தெரியலம்மா," என்றார் கடைசியில். "யானை ஆமைகிட்ட கேக்கவே இல்ல போலிருக்கு."

பிறகு இன்னொரு கணக்குக்குப் பால் போடும் பையனை எழுப்பினார். அவன் சொன்ன பதிலும் தப்பு, இரண்டாம் முறை சொன்னதும் தப்பு. யாரும் அழவில்லை. மணி அடிக்கும்வரை கதவு வரிசைக்கு எத்தனை கேள்விகள் போயின என்பது அவளுக்குத் தெரியாது. ஆறு வரை எண்ணியவள், இன்று எண்ணுவதற்கு வரவில்லை என்பது நினைவுக்கு வந்து, விட்டுவிட்டாள்.

மாலையில் உலக உருண்டைகள் இருந்த அறைக்கு அவர் வந்தார். ஸ்கேல் மரியாதையாக எழுந்து நின்றாள். சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்து, கடைசி வரிக்குக் கீழே, கரும்பலகையில் எழுதுவதைவிட அழகான கையெழுத்தில் எழுதினார்: விலக்கிக்கொள்ளவில்லை. ஓரத்தில் இருக்கும் பதினொன்றையும் சேர்க்க முடியுமானால் சேர்க்கவும்.

எழுதிவிட்டு, அவளைப் பார்க்காமல் ஸ்கேலைப் பார்த்துக் கேட்டார், அது விதிக்கு ஒத்துவருமா என்று.

ஸ்கேல் தாளைத் திருப்பிக் காட்டினாள். மூன்று நாளைக்கு முன்பே அவள் அங்கே ஒரு புதிய பத்தி வரைந்து வைத்திருந்தாள். மற்ற மூன்று பள்ளிகளின் நாட்குறிப்பிலிருந்தும் அதே மாதிரிக் கேள்விகளைத் தேடி எடுத்துவிட்டதாகவும், அவற்றைத் தனியாக எழுதப் போவதாகவும் சொன்னாள். நெறியாளரும் சரியென்று சொல்லியிருந்தார். பாடக் கேள்விகளோடு அவற்றைக் கலந்துவிட்டால் பொய், தூக்கி எறிந்துவிட்டாலும் பொய் என்பது அவர் கருத்து.

"சார், உங்க ஏழு மாதிரி அந்த மூணு ஸ்கூல்லயும் சேர்த்து நாலுதான் இருக்கு," என்றாள் ஸ்கேல்.

அவருக்கு அது மகிழ்ச்சியா, வெட்கமா என்று சொல்ல முடியாத முகம். பாடக் கேள்வி இரண்டுதானே என்பதை மறந்துவிட வேண்டாம் என்று ஸ்கேலிடமே சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைக்க அதில் அழுக்கு எதுவும் இல்லை. நாளையிலிருந்து வரிசைகளை வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றப்போவதாகவும், தாமதமாக வருகிறவர்கள் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காரட்டும் என்று சொல்லப்போவதாகவும், துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். முப்பத்திரண்டு பேரும் ஒன்று என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கு இன்னும் சில மாதம் ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆகட்டும், அவளுக்கு அவசரமில்லை.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பும் முன் அவர் பாதி திரும்பிப் பார்த்தார்.

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"இது ஓரத்துக்குத்தான் போகும்."

"போகட்டும். பதில் சொல்லு."

"இல்லைங்க," என்றாள் அவள். "நேரமே கிடைக்கல."